உள்ளான் திட்டு

எனக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். டிரைவர் வேலைக்கு வந்த பிறகு அது இன்னும் மோசமானது. அறந்தாங்கி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். எவனாவது வழிவிடாமல் போக்குக் காட்டினால் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கிறேன். பயணிகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். கண்டக்டர் வந்து என்னை இழுத்துக்கொண்டு போவார். ஒருமுறை ரயில்வே கேட்டில் ஒரு லாரி டிரைவரின் முன்பல்லை உடைத்துவிட்டேன். முதலாளி ஒரு மாதம் டூட்டி தரவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் என் மனைவி என்னைப் பறவை பார்க்கக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அவளுக்கு மணமேல்குடிப் பக்கம் கடலோர ஊர். சேற்றில் இறங்கும் உள்ளான் கூட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவள். இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பைனாகுலரும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாகப் போவாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வண்டியாச்சும் ஓட்டிட்டு வாங்க" என்றாள். வண்டி ஓட்டத்தான் போனேன்.

பறவை பார்ப்பதை அமைதியான வேலை என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அந்த நினைப்புப் போய்விட்டது. ஒரு பெருங்கொக்கு தண்ணீர்ப் பாம்பைக் கொத்தித் தூக்கியது. பாம்பு அதன் கழுத்தைச் சுற்றி இறுக்கியது. கொக்கு தலையை உதறி உதறிப் பாம்பைக் கரையில் அடித்து, பிறகு விழுங்கியது. கழுத்துக்குள் பாம்பு நெளிந்துகொண்டே இறங்குவது பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. முக்குளிப்பான் குஞ்சைக் கீழிருந்து ஏதோ ஒரு மீன் இழுத்துக்கொண்டு போவதை இன்னொரு நாள் பார்த்தேன். அங்கே எல்லாமே ஒன்றையொன்று அடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் பார்க்கிறவன் அசையாமல் நிற்க வேண்டும். அந்த நிற்பது எனக்கு என்னவோ செய்தது. டூட்டி திரும்பக் கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். மூன்று வருஷம் யாரையும் நான் தொடவில்லை. "அண்ணன் ரொம்பச் சாந்தமாயிட்டாரு" என்று கண்டக்டரே டீக்கடையில் சொன்னார். நானும் நம்பிவிட்டேன்.

போன வருஷம் சித்திரையில், ஆவுடையார்கோவில் போகிற வழியில் உள்ள ஒரு கண்மாய்க்குத் தொடர்ந்து போனோம். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் முழங்கால் அளவுக்கு நின்றது. அதன் நடுவே ஒரு மண்திட்டு. அந்தத் திட்டில் நெடுங்கால் உள்ளான்கள் முட்டையிட்டிருந்தன. கறுப்பு இறக்கையும் வெள்ளை உடம்பும் குச்சி மாதிரி நீண்ட சிவந்த காலுமாக இருக்கும் பறவை. மண்ணைக் கொஞ்சம் குழித்து, நாலு சருகைப் போட்டு, அதில் மண்நிறத்தில் முட்டையிடும். கிட்டே போனாலும் கண்ணுக்குத் தெரியாது. மொத்தம் ஆறு கூடு. என் மனைவி நோட்டில் கட்டம் போட்டு, திட்டை வரைந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் எண் கொடுத்திருந்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு காக்கை மூன்றாம் எண் கூட்டிலிருந்து ஒரு முட்டையைத் தூக்கியது. நான் கல்லை எடுத்து வீசினேன். கல் காக்கையின் மேல் பட்டு, அது தண்ணீரில் விழுந்து தத்தளித்துக் கரையேறியது.

"எதுக்குங்க அடிச்சீங்க?" என்றாள்.

"முட்டையத் தூக்கிட்டுப் போகுது, பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"ஆமா. பாத்துட்டுத்தான் நிக்கணும். அதுக்குத்தானே வாறோம்?"

நோட்டில் மூன்றாம் எண்ணுக்கு ஒரு முட்டையைக் குறைத்து எழுதிவிட்டு, மறுபடியும் பைனாகுலரை எடுத்தாள்.

நாலாவது ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரை முழுக்க வண்டி. பைக்குகள், லோடு ஆட்டோக்கள், டிராக்டர்கள். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஊத்தா இருந்தது. அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை அது. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்திக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனைப் பிடிப்பார்கள். முன்பு மூங்கிலில் பின்னுவார்கள், இப்போது பலபேர் இரும்புக் கம்பியில் செய்து வைத்திருக்கிறார்கள். மீன்பிடித் திருவிழா. முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. எங்களுக்கு யார் அனுப்புவார்கள்?

என் மனைவி பைனாகுலரை எடுக்கவே இல்லை. நேராக ஊருக்குத் தலைவரான அம்பலக்காரரைத் தேடிப் போனாள். அவர் கோயில் வாசலில் தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றிருந்தார். அந்தத் துண்டை அவர் வீசினால்தான் சனம் கண்மாயில் இறங்கலாம்.

"ஐயா, நடுத்திட்டுல முட்டை இருக்குங்க. ரெண்டு கூட்டுல குஞ்சு பொரிச்சிருக்கும். அங்க மட்டும் யாரும் ஏறாமப் பாத்துக்கங்க ஐயா."

அவர் கோபப்படவில்லை. "நல்ல காரியந்தாம்மா. ஆனா நாலு ஊருச் சனம் வந்திருக்கு. யாரு கேப்பாக? சொல்லிப் பாக்குறேன்" என்றார்.

சொன்னபடியே மைக்கில் சொன்னார். "நடுத்திட்டுல குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. அங்கிட்டு யாரும் ஏற வேணாம்ப்பா." கூட்டத்தில் ஒருவன், "குஞ்சுக்கும் மீன் கொழம்பு குடுத்துருவோம் மாமா" என்று கத்தினான். கரையே சிரித்தது. எனக்குக் காது சூடானது. என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டு வீசுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய்த் திட்டின் ஓரத்தில் நின்றுகொண்டோம். அம்பலக்காரர் அனுமதித்தார். கூடுகளுக்குக் கிட்டே போகாமல், திட்டும் தண்ணீரும் சேருகிற இடத்தில், ஆளுக்கு ஒரு பக்கமாக நின்றோம். உள்ளான்கள் எழுந்து எங்கள் தலைக்கு மேலே கத்தின. கிக் கிக் கிக் என்று ஓயாத கத்தல். ஒன்று என் நெற்றியை உரசிக்கொண்டு போனது. அவற்றுக்கு நாங்களும் எதிரிதான். பஞ்சு உருண்டை மாதிரி மூன்று குஞ்சுகள் ஓடிப்போய் ஒரு காய்ந்த கோரைப்புல் அடியில் படுத்தன.

துண்டு பறந்தது.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கரையின் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உடைந்து உள்ளே விழுந்தது மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான கால்கள் சேற்றை மிதித்து வந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிப் பிறகு வெறும் சேறாகியது. மூச்சுத் திணறிய மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. ஊத்தாக்கள் தொப் தொப்பென்று விழுந்தன. விராலைப் பிடித்தவர்கள் கட்டையால் அதன் மண்டையில் ஒரே போடு போட்டார்கள். ஒரு பொம்பளை, துடிக்கிற கெண்டைகளைச் செவுள் வழியாகக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சேலையெல்லாம் ரத்தம். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிய ஒருவர் ஊளையிட்டார். ஒரே கட்லாவை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக இழுத்ததில் அது கிழிந்தது. மேலே பருந்துகள் கூட்டமாக வட்டமடித்து, ஆட்களின் கைக்கும் கூடைக்கும் நடுவே பாய்ந்து மீனைப் பறித்தன.

முதலில் ஆட்கள் எங்களுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அண்ணே, அங்கிட்டுப் போங்கண்ணே. அக்கா, இங்கிட்டு வேணாங்க்கா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கூட்டம் எங்கள் முன்னால் பிரிந்து இரண்டு பக்கமும் போனது. அரைமணி நேரம் ஒருவர்கூடத் திட்டில் ஏறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு விரால் வந்தது. முழங்கை நீளம் இருக்கும். கலங்கலில் நிற்க முடியாமல், ஆழமில்லாத தண்ணீரில் பாதி உடம்பு வெளியே தெரிய, திட்டைப் பார்த்து வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஒரு ஆள். என் வயதுதான் இருக்கும். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். கையில் இரும்பு ஊத்தா. அவர் கண் மீனை விட்டு அசையவில்லை. விரால் எம்பித் திட்டின் மேல் விழுந்து புரண்டது.

"அண்ணே! முட்டை இருக்குண்ணே!" என்று என் மனைவி குறுக்கே போனாள். அவர் தோள் இடித்து அவள் பக்கவாட்டில் விழுந்தாள். ஊத்தா ஒருமுறை இறங்கியது. மீன் நழுவியது. இன்னொரு முறை இறங்கியது. அது நாலாம் எண் கூட்டின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் காலை எடுத்து வைத்த இடம் அந்தக் கோரைப்புல். உள்ளான் ஒன்று அவர் முகத்துக்கு நேரே பாய்ந்தது. அவர் கொசுவை விரட்டுகிற மாதிரி கையை வீசினார். பறவை தண்ணீரில் போய் விழுந்தது. ஒரு இறக்கை திரும்பித் தொங்கியது.

நான் அவர் தாடையில் குத்தினேன். அவர் தடுமாறி, என்ன நடந்தது என்றே புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு ஊத்தாவைச் சுழற்றி என் தோளில் அடித்தார். அடி விழுந்ததும் எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது. அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் திட்டுக்குக் கீழே சேற்றில் தள்ளினேன். குப்புற விழுந்தார். முதுகில் முழங்காலை ஊன்றி, பிடரியைப் பிடித்து, முகத்தைச் சேற்றுக்குள் அமுக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. அவர் கழுத்து நரம்பு என் விரலுக்குக் கீழே துடித்தது. அவர் கை சேற்றை அறைந்துகொண்டே இருந்தது. அப்புறம் மெதுவாக அறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெயில் நாளில் பதினைந்து மணிநேரம் வண்டி ஓட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைக்கும்போது இருக்கிற மாதிரி நிம்மதி. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. என் காதருகே ஏதோ கத்தினாள். முடியைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அப்போது அவள் அந்த ஆளின் ஊத்தாவை இரண்டு கையாலும் தூக்கி என் தலையில் அடித்தாள். காதுக்கு மேலே இரும்பு வளையம் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அப்போதுதான் என் கை விட்டது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆளைப் புரட்டிப் போட்டு, வாய்க்குள் விரலை விட்டுச் சேற்றைத் தோண்டி எடுத்தாள். மூக்கைத் துடைத்தாள். முதுகில் அறைந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் ஒரு பெரிய இருமலோடு கறுப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தார்.

அதற்குள் கூட்டம் என்மேல் விழுந்துவிட்டது. எத்தனை பேர் அடித்தார்கள் என்று எண்ண முடியாது. ஊத்தாவால், கட்டையால், காலால். ஒருவன் செத்த மீனாலேயே முகத்தில் அடித்தான். "டேய், ஒரு குருவிக்காக மனுசன கொல்லப் பாத்தியாடா?" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் விழுந்து கிடந்த இடத்திலிருந்து என் மனைவி தெரிந்தாள். அந்த ஆளின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் காப்பாற்ற எழுந்து வரவில்லை. அம்பலக்காரர் வேட்டி நனைய ஓடிவந்து குறுக்கே விழுந்துதான் நான் பிழைத்தேன்.

என்னையும் அந்த ஆளையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். எதிரெதிர் பக்கம். அவர் மூச்சு விடும்போது மார்பிலிருந்து கொர்கொர்ரென்று சத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி நான் லேசாக அசைந்தபோது அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டார்கள். அவருக்கு நுரையீரலில் சேறு போயிருக்கிறது என்று புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"மொதல்ல கை வச்சது யாரு?"

என் மனைவி யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்காரர்தான் சார்."

"ஒங்கள அந்தாளு தள்ளிவிட்டாருன்னு சொல்றாங்களே?"

"வேணும்னு தள்ளல சார். மீனப் பாத்துட்டு வந்தாரு, இடிச்சிருச்சு."

"நீங்க எதுக்கும்மா ஒங்க வீட்டுக்காரரோட மண்டைய ஒடச்சீங்க?"

"விடமாட்டேன்னாரு சார். இன்னுங் கொஞ்ச நேரத்துல அவரு செத்துருப்பாரு."

பதினோரு நாள் சிறையில் இருந்தேன். ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முழங்கையில் சிராய்ப்பு ஆறிக்கொண்டிருந்தது.

"கூடு எத்தனை பொழச்சுச்சு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"அதுகளுக்காகத்தான அடிச்சேன்?"

"பொய் சொல்லாதீங்க. அதுகளுக்காக அடிச்சிருந்தா, ஒரு அடியோட திரும்பி அந்த ரெக்கை ஒடிஞ்சதத் தூக்கியிருப்பீங்க. அடிக்க ஒங்களுக்கு ஒரு ஆளு வேணும். மூணு வருசம் கெடைக்கல. அன்னைக்குக் கெடைச்சிருச்சு."

அவள் போன பிறகு, இரவு முழுக்க அதற்குப் பதில் தேடினேன்.

ஜாமீனில் வந்து ஒரு மாதம் கழித்து அந்த ஆளின் வீட்டுக்குப் போனேன். குவைத்தில் கொத்தனாராக இருக்கிறவர் அவர். இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். திரும்பிப் போக எல்லாம் தயாராக இருந்த நேரத்தில் மெடிக்கல் டெஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலில் தழும்பு. இதையெல்லாம் வாசலில் நின்று அவர் மனைவி சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என் கண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

பிறகு அவரே வெளியே வந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் முட்டையப் பாக்கவே இல்லண்ணே" என்றார். "சத்தியமா. மைக்குல சொன்னதும் காதுல விழுகல. ஏறி வந்தது திட்டுன்னே தெரியாது. அந்த மீனுதான் தெரிஞ்சுச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குப் பதிலாகக் கும்பிட்டேன். அவர் திருப்பிக் கும்பிடவில்லை. அவர் கை இன்னும் நிலையிலேயே இருந்தது.

"ஒங்க சம்சாரம் வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறாக. ஆஸ்பத்திரிக்கும் அவுகதான் கூட வந்தாக" என்றார்.

எனக்கு அது தெரியாது. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் திரும்பும்போது அவர் மனைவி படி இறங்கி வந்தார். "அந்த அக்கா வரட்டும். நீங்க இனிமே வராதீங்க. இவரு அன்னைலேருந்து தூங்க மாட்டேங்குறாரு" என்றார்.

நான் அதன்பிறகு போகவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் அவரைப் பார்க்கிறேன். பெஞ்சின் இந்தக் கோடியில் நான் உட்கார்ந்தால் அவர் எழுந்து போய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். ஊரிலேயே கட்டட வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மேலே ஏறி வேலை செய்தால் மூச்சு வாங்குகிறதாம், கீழ் வேலைதான் கொடுக்கிறார்களாம்.

என் மனைவி என்னோடுதான் இருக்கிறாள். சமைக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனியாகப் போகிறாள். முதலில் கண்மாய்க்கு, அங்கிருந்து அந்த வீட்டுக்கு. நோட்டு அவள் பைக்குள்ளேயே இருக்கிறது. நான் எடுத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு, அவள் ஸ்கூட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நானும் வரட்டா?"

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சும்மா மறுத்துவிடக் கூடாது என்று அவள் நிஜமாகவே யோசித்தது தெரிந்தது.

"இன்னும் இல்லைங்க" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்தது. கழுத்தில் ஏறி, தோளில் இறங்கி, விரல் நுனிவரை வந்தது. உள்ளே போய்ச் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆனது. அவள் திரும்பி வருவதற்குள் அடங்கியிருந்தது.